தூள் தண்ணீராகும் கணம்

மினசோட்டாவில் டிசம்பர் வந்தால் ஏரிகள் உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகாத மாலைகளில், அங்குள்ள தூண்டில்காரர்கள் பலர் வீட்டுக் கார் கொட்டகைக்குள் ஒதுங்கி, வரப்போகும் கோடைக்கான தூண்டில்களைச் செய்துகொண்டிருப்பார்கள். மேசையில் ஒரு சிறிய மின்னடுப்பு, ஒரு குறடு, கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஈயத் தலைகள். அவற்றுக்கு நடுவே டம்ளர் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அதில் பாதிவரை ஆரஞ்சு நிறத் தூள். குழாயின் அடியிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று மீன்தொட்டிக் காற்று பம்புக்குப் போகிறது.

பம்பை முடுக்கியதும் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு தூளின் மேல் முடி கனத்தில் ஒரு விரிசல் ஓடும். அது மூடிக்கொள்ளும், வேறோர் இடத்தில் இன்னொன்று திறக்கும். டியூபில் உள்ள வால்வை இன்னும் கொஞ்சம் திருகினால், மொத்தத் தூளும் ஒரு விரல் உயரம் எழும்பி, விளிம்புக்கு விளிம்பு ஒரே மட்டமாக நின்று, மெல்லத் ததும்பத் தொடங்கும். குழாயைச் சற்றே சாய்த்தால் தூளின் மட்டம் கூடச் சாயாது. தண்ணீரைப் போல் கிடையாகவே நிற்கும். பிங்பாங் பந்தைப் போட்டால் மிதக்கும், இரும்புக் குண்டைப் போட்டால் மூழ்கும். விரலை விட்டால் தடையில்லாமல் உள்ளே போகும். வெளியே எடுத்தால் நனைந்திருக்காது.

இப்படித் தூளைக் காற்றில் ததும்பவிடும் அமைப்புக்குப் படுகை என்று பெயர். வீட்டில் செய்த படுகையில் இந்தத் ததும்பல் முதல் நாளே கிடைப்பது அரிது. நடுவில் எரிமலைபோல் பீறிடும். ஒரு பாதி கொதிக்கும், மறுபாதி தூங்கும். சில நாள் புகைந்துபோய் மூக்கில் ஏறும். ஆனால் ஒவ்வொரு கோளாறும் தூளின் முகத்தில் தனி அடையாளத்தோடு தெரியும். நாடி பிடித்து நோய் சொல்லும் வைத்தியர்போல, அந்த மேற்பரப்பைப் பார்த்தே கீழே என்ன கெட்டிருக்கிறது என்று சொல்லப் பழகியவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கைவேலையின் சுவை முழுவதும் அந்த வாசிப்பில் இருக்கிறது.

*

மேசையில் தொங்கும் அந்த ஈயத் தலைக்கு ஜிக் என்று பெயர்; தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி வார்த்து உருண்டையாக்கியது. முள் ஒரு பக்கம் வளைந்து நிற்கும். நரம்பு கட்டும் காது மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஐயோவா மாநிலத்தின் டென்வர் என்ற சிற்றூரிலிருந்து வரும் டூ-இட் நிறுவனத்தின் அலுமினிய அச்சுகளில் இதை வீட்டிலேயே வார்க்கிறார்கள். எடை அவுன்ஸின் பின்னங்களில் சொல்லப்படும்: பதினாறில் ஒன்று என்றால் 2 கிராமுக்கும் குறைவு, நாலில் ஒன்று என்றால் 7 கிராம்.

இந்த ஈயத் தலை ஏரியின் அடித்தரையில் பாறை பாறையாக மோதிக்கொண்டே போக வேண்டியது. மினசோட்டா 1965-இல் தன் மாநில மீனாக ஏற்றுக்கொண்ட வால்ஐ, வெளிச்சம் மங்கிய நேரத்தில் அடித்தரையை ஒட்டியே இரை தேடும் மீன். பூனையின் கண்ணில் இருப்பதுபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் அதன் கண்ணிலும் உண்டு. அதனால் அதைத் தேடிப் போகிறவர்கள் நிறத்தில் விட்டுக்கொடுப்பதில்லை: மஞ்சளும் பச்சையும் கலந்து கண்ணைப் பறிக்கும் சார்ட்ரூஸ், ஒளிரும் ஆரஞ்சு, இருட்டில் மினுங்கும் வெள்ளை. சாதாரண எனாமல் பூசினால் இரண்டு பாறையில் உரசியதும் சில்லு சில்லாகப் பெயர்ந்து ஈயம் பல்லிளிக்கும். பவுடர் பெயின்ட் அப்படிப் பெயராது. நம் ஊரில் ஜன்னல் கிரில்லுக்கும் கேட்டுக்கும் செய்கிற பவுடர் கோட்டிங்கேதான் அது. பிசினும் நிறமியும் சேர்த்து அரைத்த தூள், சூட்டில் உருகி, பரவி, பிறகு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடும். ஒருமுறை இறுகியது மறுபடி சூடாக்கினாலும் உருகாது.

பூசும் முறையும் எளிது. ஈயத்தைச் சூடாக்கி, தூளில் ஒரு விநாடி முக்கி எடுக்க வேண்டும். தொட்ட தூள் அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும். படுகை இல்லாதவர்கள் தூள் டப்பாவைக் குலுக்கித் திறந்து, தூள் உப்பலாக இருக்கும்போதே அவசரமாக முக்குவார்கள். ஆனால் தூள் கொஞ்ச நேரத்தில் அமர்ந்து இறுகிவிடும். அதன்பின் முக்கினால், மாவு மூட்டைக்குள் கையை விட்டதுபோல் ஒரு பக்கம் அப்பிக்கொண்டு வரும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். தூளைத் தண்ணீராக்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அடர்த்தியில், சூடான ஈயத்தைத் தூள் சூழும்.

*

இந்த எண்ணம் தூண்டில்காரர்களுடையது அல்ல. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் 1920-களில் நிலக்கரித் துகள்களின் அடியிலிருந்து வாயுவைச் செலுத்தி, அவை கொதிக்கும் நீர்போல் புரள்வதைப் பயன்படுத்தி நிலக்கரியை வாயுவாக்கினார். 1926-இல் லொய்னாவில் அந்த முறையில் ஆலை ஓடத் தொடங்கியது. 1942-இல் லூயிசியானாவின் பேட்டன் ரூஜில், கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்துப் பெட்ரோலாக்கும் வினையூக்கித் தூளை இதேபோல் ஓடவிடும் முதல் பெரிய ஆலை வந்தது. அந்த முறையின் வழிவந்த உலைகள் இன்றும் உலகமெங்கும் சுத்திகரிப்பு ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1950-களின் தொடக்கத்தில் க்னாப்சாக்-கிரீஸ்ஹைம் நிறுவனத்தில் இருந்த எர்வின் கெம்மர், சூடான உலோகத்தைப் பிளாஸ்டிக் தூள் படுகையில் முக்கிப் பூச்சு ஏற்றலாம் என்று கண்டார். பவுடர் கோட்டிங் தொழிலின் பிறப்பு அங்கேதான். மின்னேற்றித் தெளிக்கும் துப்பாக்கி முறை பிற்பாடு வந்தது.

பல மாடி உயர எண்ணெய் உலையிலும் கொட்டகை மேசையின் குழாய்த் துண்டிலும் நடப்பது ஒன்றே. மேலெழும் காற்று துகள்களை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலின் விசை தூளின் மொத்த எடைக்குச் சமமாகும் கணத்தில், துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது முடிந்துபோகிறது. ஒவ்வொன்றும் காற்றில் தொங்குகிறது. மணல்மேடாக இருந்தது குளமாகிவிடுகிறது.

எல்லாத் தூளும் இதற்கு ஒரேபோல் இணங்காது. பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டெரெக் கெல்டார்ட் 1973-இல் தூள்களை நான்கு வகையாகப் பிரித்தார். அதை நம் சமையலறையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். துவரம்பருப்பு அளவுக்குப் பெரியவை, ஊற்றுக்கண்போல் ஒரே இடத்தில் பீறிடும். ரவை போன்றவை குமிழி குமிழியாகக் கொதிக்கும். மைதாபோல் மிக நுண்ணியவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டிதட்டும். காற்று அவற்றைத் தூக்காமல் பொந்து போட்டுக்கொண்டு வெளியேறிவிடும். இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 30 முதல் 100 மைக்ரான்வரை உள்ள ஒரு வகைதான் குமிழி தோன்றுமுன்பே சீராக உப்பி எழும் நல்ல தூள். இன்று கடையில் கிடைக்கும் பவுடர் பெயின்ட் பெரும்பாலும் தெளிப்புத் துப்பாக்கிக்காக அரைக்கப்பட்டது. சராசரி 30, 40 மைக்ரான்தான். அதாவது நல்ல தூளின் எல்லைக்கோட்டில், மைதாவின் வேலியோரமாக நிற்கும் தூள். வீட்டுப் படுகையின் பிடிவாதங்களில் பாதி இதிலிருந்து வருபவை.

*

படுகையின் அமைப்பில் மூன்றே பாகங்கள். மேலே தூள் நிற்கும் குழாய்; பெரும்பாலும் 2 அங்குல பிவிசி. கீழே காற்று வந்து நிறையும் ஓர் அறை. அடி மூடிய கப்ளிங் துண்டு போதும். இரண்டுக்கும் நடுவே தூளைத் தாங்கிக் காற்றை விடும் ஒரு சவ்வு. இட்லித் தட்டில் விரிக்கும் துணி மாவைப் பிடித்துக்கொண்டு ஆவியை விடுவதைப் போன்றதுதான் அதன் வேலை. மளிகைக் கடைப் பழுப்புக் காகிதப்பை, காபி வடிதாள், வாக்குவம் கிளீனரின் தூசிப்பை, தபால் உறையாக வரும் டைவெக் என்று ஒவ்வொருவரும் ஒன்றில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.

புதிதாகச் செய்தவருக்கு வரும் முதல் கோளாறு எரிமலை. தூள் அசையாமல் கிடக்க, நடுவில் மட்டும் ஒரு துளை திறந்து, அதன் வாயில் தூள் துப்பிக்கொண்டிருக்கும். காற்று போதவில்லை என்று நினைத்து வால்வைத் திறப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் காரியம். துளை அகலமாகும், தூள் மேசையெங்கும் பறக்கும், சுற்றியுள்ளது முன்னைவிட இறுகும்.

உண்மையில் காற்று கூடிப்போயிருக்கிறது. 2 அங்குலக் குழாயில் இவ்வளவு நுண்ணிய தூளைத் தூக்கி நிறுத்த, கணக்குப்படி நிமிடத்துக்கு அரை லிட்டர் காற்றுகூட வேண்டாம். சின்ன மீன்தொட்டி பம்பே நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் தள்ளும். ஆகவே தேர்ந்தவர்கள் பம்புக்கும் படுகைக்கும் நடுவே டி வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, வேண்டாத காற்றை வெளியே விட்டுவிடுகிறார்கள். பம்பின் கழுத்தை நெரிப்பதைவிட இது நல்லது. பம்பு திணறாது; படுகைக்குப் போவதை இழை இழையாகக் கூட்டிக் குறைக்கலாம்.

அதற்குப் பிறகும் எரிமலை அடங்காவிட்டால் பார்க்க வேண்டியது சவ்வைத்தான். சொட்டுநீர்ப் பாசனம் போட்ட விவசாயிக்கு இதன் காரணம் சட்டென்று புரியும். வெறும் குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் விட்டால் முதல் ஓட்டையிலேயே எல்லாம் கொட்டிவிடும். கடைசிச் செடி காயும். ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் சொட்டுவானைப் பொருத்தினால்தான் முதல் செடிக்கும் கடைசிச் செடிக்கும் ஒரே அளவு கிடைக்கும். காற்றுக்கும் இதே நியாயம். சவ்வு தாராளமாக விட்டால், தூள் எங்கே கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ அங்கே மொத்தக் காற்றும் ஓடும். ஓடியதால் அந்த இடம் இன்னும் தளரும். சவ்வே கடினமாகத் தடுத்தால், தூளின் சின்னச் சின்ன வேறுபாடுகள் காற்றுக்கு ஒரு பொருட்டாகாது. எல்லா இடத்திலும் ஒரேபோல் கசிந்து வரும்.

படுகைப் பொறியாளர்கள் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: தூளைக் கடக்கக் காற்று இழக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையாவது சவ்வைக் கடப்பதில் இழக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் உயரத் தூளுக்கு அந்த அழுத்தம் சுமார் 3 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். அப்படியென்றால் சவ்வு குறைந்தது 1 சென்டிமீட்டராவது தடுக்க வேண்டும். இவ்வளவு குறைந்த காற்றோட்டத்தில் ஒற்றைக் காபி வடிதாள் அதில் சிறு பகுதியைக்கூடத் தடுக்காது. காகிதப்பைத் தாளை இரட்டையாக மடித்துப் போட்டதும் எரிமலை அவிந்து மேற்பரப்பு முழுதும் சிலிர்ப்பதைப் பார்த்தவர்கள், அதன்பின் வால்வைத் திறக்கக் கை வைக்குமுன் சவ்வை நினைப்பார்கள்.

சவ்வு சரியாக இருந்தும் துளை நடுவிலேயே விழுகிறதா? காற்று அறைக்குள் நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும். குழாய் நேராக மேல்நோக்கி நுழைந்தால், காற்று ஈட்டிபோல் சவ்வின் மையத்தைக் குத்தும். பக்கவாட்டில் நுழைத்தாலோ, வாயை அடிப்பக்கம் திருப்பினாலோ, அறைக்குள் கோலிக்குண்டுகளை நிரப்பினாலோ அந்த வேகம் சிதறிவிடும். அல்லது சவ்வு தொய்ந்திருக்கலாம். காற்று ஏறியதும் அது நடுவில் மேடாகப் புடைக்கும். மேட்டின் மேல் தூளின் ஆழம் குறைவு. காற்று அங்கேதான் தப்பிக்கும். தவிலுக்குத் தோல் இழுப்பதுபோல் விறைப்பாக இழுத்துக் கட்டி, மேலே ஒரு கம்பி வலையால் அழுத்தினால் சரியாகும்.

ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் தூங்கினால் பெரும்பாலும் மேசைதான் குற்றவாளி. தூள் நீரானபின் மேல்மட்டம் கிடையாகத்தான் நிற்கும். குழாய் சாய்ந்திருந்தால், உயர்ந்த பக்கத்தில் தூளின் ஆழம் குறையும். காற்று அந்தப் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, அடியில் ஒரு அட்டைத் துண்டு செருகினால் தீர்ந்தது. மேசை நேராக இருந்தும் தூங்கும் பக்கம் மாறவில்லையென்றால், அங்கே சவ்வின் மேல் ஒட்டும் பசை வழிந்து காய்ந்திருக்கும். பசை ஏறிய இடத்தில் காற்று நுழையாது.

சுவரோரமாக மட்டும் வளையம்போல் குமிழ்வது இன்னொரு முகம். அது சவ்வின் விளிம்பில் ஒட்டு விட்டுப்போனதைச் சொல்கிறது. வெளிப்புற இணைப்பில் கசிகிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை தடவினால் போதும்; குமிழி வரும் இடம் கசிவு.

நேற்றுவரை நன்றாக இருந்த படுகை இன்று ஓர் இடத்தில் மட்டும் பீறிட்டால், யாரோ சூடான ஜிக்கை உள்ளே நழுவவிட்டிருக்கிறார்கள். டைவெக் என்பது பாலித்தீன் இழைகளால் ஆனது. 135 டிகிரி செல்சியஸை ஒட்டியே அது உருகிவிடும். முக்குவதற்காகச் சூடேற்றிய ஈயமோ 170 டிகிரிக்கு மேல். விழுந்த இடத்தில் பொட்டு அளவில் ஓட்டை விழுந்திருக்கும். சவ்வுக்கு ஒரு விரல் மேலே கம்பி வலைத் தட்டு ஒன்றை நிறுத்தி வைப்பவர்களுக்கு இந்த விபத்து நேர்வதில்லை.

*

பருவம் மாறினால் படுகையின் குணமும் மாறும். குளிர்காலத்தில் வறண்ட காற்று. தூள் உரசி உரசி நிலைமின்னேற்றம் பெற்று, பிவிசி சுவரில் பூனைமயிர்போல் ஒட்டி ஏறும். கோடையில் ஈரம், தூள் ஈரத்தை வாங்கிக்கொண்டு மைதாவின் குணத்துக்கு மாறிவிடும். மேற்பரப்பில் வறண்ட வயல்போல் வெடிப்புகள் ஓடும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு காற்றுப் பாதை. கட்டிகள் தீவுகளாக மிதந்துகொண்டிருக்கும்.

இதற்கு முதல் மருந்து சல்லடை. நுண்ணிய வலையில் சலித்துப் போட்ட தூளுக்கும் டப்பாவிலிருந்து கொட்டிய தூளுக்கும் உள்ள வேறுபாடு, முதல் நிமிடத்திலேயே மேற்பரப்பில் தெரியும். இரண்டாவது அதிர்வு. ஒன்றையொன்று பற்றிக்கொண்ட துகள்களைக் காற்று மட்டும் பிரிக்காது. யாராவது தட்டிவிட வேண்டும். விரல் முட்டியால் சுவரைத் தட்டுவது பழைய வழி. மீன்தொட்டி பம்பின் இரைச்சலையே வேலைக்கு எடுத்துக்கொண்டு, பம்பின் முதுகில் படுகையை உட்கார வைப்பவர்கள் உண்டு. அந்த நடுக்கம் மெதுவாக மேலேறி வர, பிடிவாதமான தூளும் ஒரு நிமிடத்தில் இளகும். இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எந்தத் தொழிற்சாலையிலும் இருக்காது.

பெரிய ஏர் கம்ப்ரஸரை இணைப்பவர்களுக்குத் தனித் தொல்லை உண்டு. அழுத்திய காற்று குளிரும்போது அதிலிருந்து தண்ணீர் பிரியும். சில இயந்திரங்களில் எண்ணெய்த் துளியும் சேர்ந்து வரும். எண்ணெய் பட்ட தூள் உருகும்போது பூச்சில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும். சிலிக்கா ஜெல் நிரப்பிய குப்பி வழியாகக் காற்றை அனுப்பினால் ஈரம் நிற்கும். எண்ணெய்க்குத் தனி வடிகட்டி வேண்டும். சின்ன மீன்தொட்டி பம்பில் எண்ணெய்த் தொல்லை இல்லை.

மினுக்குத் துகள் கலந்த தூள்கள் வேறு விதமாகச் சோதிக்கும். நிறத் தூளோடு மினுக்கை வெறுமனே கலந்திருந்தால், படுகை ஓட ஓட இரண்டும் பிரியும். கனமும் வடிவமும் வேறு வேறு என்பதால் ஒன்று அடியில் தங்கும், மற்றது மேலே வரும். முதல் ஜிக்கும் இருபதாவது ஜிக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்காது. அப்படிப்பட்ட தூளைப் படுகையில் நீண்ட நேரம் ஓடவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு முடிப்பதே வழி. நிறம் மாற்றுவதிலும் கண்டிப்பு வேண்டும். வெள்ளைத் தூளில் கறுப்பு ஒரு சிட்டிகை விழுந்தால் சாம்பல் நிறமாகாது. வெள்ளைப் பூச்சில் கறுப்புப் புள்ளியாகத்தான் நிற்கும், ஏனென்றால் துகள்கள் கலப்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில் உருகுகின்றன. நிறத்துக்கு ஒரு குழாய் என்று அடுக்கி வைத்து, அடியறையை மட்டும் மாற்றிப் பொருத்திக்கொள்பவர்களின் மேசை பார்க்கவே அழகாக இருக்கும்.

*

படுகை சீரானபின் கோளாறு ஈயத்துக்கு இடம்பெயர்கிறது.

பூச்சின் கனத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: ஈயத்தில் இருக்கும் சூடு, தூளுக்குள் அது இருக்கும் நேரம். ஈயம் சூட்டைச் சேமிப்பதில் கஞ்சன். ஒரே எடை இரும்போடு ஒப்பிட்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு சூட்டைக்கூடப் பிடித்து வைக்காது. கால் அவுன்ஸ் தலை அடுப்பிலிருந்து படுகைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்கும். முப்பத்திரண்டில் ஒரு அவுன்ஸ் தலை, ஒரு கிராமுக்கும் குறைவு, கை நீட்டுவதற்குள் ஆறிவிடும். ஆகவே சின்னத் தலையில் தூள் தோசைக்கல்லில் தெளித்த மாவுபோல் திட்டுத் திட்டாகப் பிடித்தால், படுகையைக் குறை சொல்லாமல் அடுப்பைப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். எதிர்த் தவறும் உண்டு. அதிகச் சூட்டில் முக்கினால் தூள் அடுக்கடுக்காக உருகிக் கனத்துவிடும். தொழிற்சாலைப் படுகையிலேயே பூச்சு கால் மில்லிமீட்டர்வரை ஏறுவது வழக்கம். தெளிப்புத் துப்பாக்கியின் பூச்சைவிட அது மூன்று நாலு மடங்கு.

நல்ல கையின் அடையாளம், எடுத்த ஜிக் உடனே பளபளக்காமல் இருப்பது. ஒரு விநாடி முக்கி, குறட்டை விரலால் ஒருமுறை தட்டி, ஒட்டாத தூளை உதிர்த்து எடுத்தால், மேற்பரப்பு பீச் பழத்தோல்போல் மெல்லிய ரோமப் பூச்சாகத் தெரிய வேண்டும். மறுபடி சில விநாடி சூடு காட்டினால் அந்த ரோமம் கண்முன்னே இளகி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பளபளப்பு ஓடும். வெளியே எடுக்கும்போதே கண்ணாடிபோல் மின்னினால் பூச்சு கனம். அடுப்பில் அது நிச்சயம் வழியும்.

அடுப்பில் முழுச் சூடு காட்டும் கட்டம் அடுத்தது. தூண்டில்காரர்கள் வாங்கும் தூள்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 177 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். அமெரிக்க டப்பாக்களில் இது 350 ஃபாரன்ஹீட் என்று இருக்கும். கொக்கியில் தொங்கும் ஜிக்கின் மூக்கில் கண்ணீர்த்துளிபோல் பெயின்ட் திரண்டு இறுகியிருந்தால், முக்கியது கனம் என்று பொருள். சூட்டைக் குறைப்பதால் அது தீராது, பூச்சு வேகாமல் போவதுதான் மிச்சம். வேகாத பூச்சு பார்க்க அதே பளபளப்போடு இருக்கும். சிமென்ட் தரையில் ஒருமுறை வீசினால் உண்மை வெளிவரும்: வெந்தது நசுங்கும், வேகாதது கண்ணாடிபோல் தெறிக்கும். வெள்ளை பழுப்பேறியிருந்தால் நேரமோ சூடோ மீறிவிட்டது. ஊசி முனை அளவுத் துளைகள் தெரிந்தால், வார்ப்பில் சிக்கிய வாயு பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. பூசுவதற்கு முன்பே வெறும் ஈயத்தை ஒருமுறை நன்றாகச் சூடேற்றி, அந்த வாயுவை வெளியேற்றிவிடுபவர்கள் இதிலிருந்து தப்புகிறார்கள்.

முள்ளின் காதை மறந்தவருக்கு மீன்பிடிக்கும் இடத்தில்தான் தண்டனை. நரம்பு நுழையாத காதோடு குளிரில் நடுங்கும் கை படும் பாடு சொல்லி மாளாது. பூச்சு இளகியிருக்கும்போதே ஒரு பழைய முள்ளின் நுனியால் காதைக் குத்திவிடுவது அரை விநாடி வேலை. சிலர் முன்கூட்டியே டெஃப்லான் ஊசியைக் காதில் செருகி வைக்கிறார்கள்; அதில் பெயின்ட் ஒட்டாது.

ஒளிரும் நிறங்களுக்கு வெள்ளை அடிப்பூச்சு வேண்டும் என்பது இந்த வட்டத்தில் எல்லாரும் அறிந்தது. அந்த நிறமிகள் ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். கீழே கறுத்த ஈயம் இருந்தால் ஒளி அங்கேயே செத்துவிடும். வெள்ளை இருந்தால் திரும்பி வரும். ஆகவே வெள்ளையில் மெல்லிய முக்கு, பிறகு சார்ட்ரூஸில் இன்னொரு முக்கு. ஒவ்வொரு பூச்சும் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஈயத்தலையின் செதில் வேலைப்பாடும் கண்குழியும் மறையாமல் நிற்கும்.

*

இந்த மேசையில் இரண்டு விஷயங்களில் சலுகை கிடையாது. காற்றில் மிதக்கும் பவுடர் பெயின்ட், நெருப்பு பட்டால் வெடிக்கக்கூடிய தூசி. படுகை ஓடும் அறையில் திறந்த சுவாலை கூடாது, மூக்கில் முகக்கவசம் இல்லாமல் குனியக் கூடாது. ஈயம் நஞ்சு, அதைச் சூடாக்கிய டோஸ்டர் அடுப்பு மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

ஈயத்தின் நஞ்சு மனிதரோடு நிற்பதில்லை. அறுந்து விழுந்த சின்ன ஜிக்குகள் நீர்ப்பறவைகளின் வயிற்றுக்குப் போகின்றன. அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிகளில் லூன் என்னும் முக்குளிக்கும் பறவை அப்படித்தான் இறக்கிறது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1987-லேயே சின்ன ஈயக் குண்டுகளைத் தடை செய்தன. நியூ ஹாம்ஷயர், ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈய ஜிக்குகளைத் தடை செய்திருக்கிறது. மாற்றாக வரும் பிஸ்மத்–தகரக் கலவை பூசுகிறவருக்குப் புதிய புதிர் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. 58-க்கு 42 என்ற விகிதத்தில் கலந்த அந்த உலோகம் 138 டிகிரியிலேயே உருகிவிடும். தூள் வேகக் கேட்பதோ 177. அடுப்பைத் திறந்தால் முள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்க, தலை தட்டில் சொட்டிக் கிடக்கும். தூய தகரம் 232 டிகிரிவரை தாங்கும், தூய பிஸ்மத் 271 டிகிரிவரை. சரியான உலோகத்தைத் தேர்ந்தவர்கள் அதே படுகையில், அதே ஒரு விநாடி முக்கில், பறவையைக் கொல்லாத ஜிக்கைச் செய்துவிடுகிறார்கள்.

இருட்டிவிட்ட கொட்டகையில் கடைசி ஜிக் உள்ளே போகிறது. அது மேலே வரும்போதே மற்றொரு கை பம்பை நிறுத்துகிறது. இரைச்சல் நின்றதும் தூள் ஒரு பெருமூச்சுபோல் அமர்ந்து, ஒரு விரல் தாழ்கிறது. இவ்வளவு நேரமும் ஒவ்வொரு முக்கையும் நொடியில் மூடிக்கொண்டே வந்த மேற்பரப்பில், கடைசி ஜிக் வெளியேறிய குழி மட்டும் மூடப்படாமல், தலையும் முள்ளின் வளைவுமாக அச்சுப்போல் பதிந்து நிற்கிறது. தூசி விழாமல் குழாயின் வாயை மூடி விளக்கை அணைக்கிறார்கள். மறுநாள் மாலை பம்பை முடுக்கும்போது முதலில் ஒரு விரிசல் ஓடும். பிறகு அந்தக் குழியின் ஓரம் சரியும்.